சிலேட்டில் எழுதிய பதில்

அந்த வீட்டில் யாரும் "போகட்டுமா?" என்று கேட்பதில்லை. முதல் நாள் எனக்கு அது தெரியாது. திருப்பதிக்குத் திரும்பும் பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து, மூக்குக்கண்ணாடியைக் கூட்டில் வைத்துக்கொண்டே, "அப்போ நான் போகட்டுங்களா?" என்றேன். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மருமகள் குழாயை மூடினாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த, ஊரார் பெரியம்மா என்று கூப்பிடும் மூதாட்டி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய மகன் வாசல்வரை கூடவே வந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"சார், எங்க ஊட்ல அப்படிக் கேக்கக்கூடாது. வரேன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. ஒண்ணும் சொல்லாம எழுந்து போனாலும் பர்வாலேது."

"ஏன்?"

"தெரியாது சார். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். கேட்டா அம்மா பதில் சொல்லாது."

அன்று என் டைரியில் எழுதியது இவ்வளவுதான்: "காலை 9.50 முதல் 11.35 வரை. நோட்டுகள் 41. கிளம்பும்போது ஒரு சிறு சங்கடம். காரணம் தெரியவில்லை."

முப்பது வருடங்களாக டைரி எழுதுகிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. நடக்காததை எழுதியதில்லை. திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் வேலை. டாக்டர்கள் எழுதியதைப் படித்து, வரிசைப்படுத்தி, கேட்டபோது எடுத்துக் கொடுக்க வேண்டும். எந்தக் கையெழுத்தாக இருந்தாலும் படித்துவிடுவேன் என்று அங்கே எனக்குப் பெயர். பிறந்து வளர்ந்தது நகரியில். ஆந்திராவில் இருந்தாலும் எங்கள் காலத்தில் அங்கே தமிழிலேயே பத்தாவதுவரை படிக்க முடிந்தது. இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான் பெரியம்மாவின் மகன் என்னைத் தேடி வந்தார். அவர் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு. தாத்தா, அதாவது பெரியம்மாவின் தந்தை, எழுதிவைத்துப் போன நாற்பத்தொரு நோட்டுகளில் ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது.

அந்தத் தாத்தாவை நகரிக்கும் புத்தூருக்கும் இடைப்பட்ட கிராமங்களில் மௌனத் தாத்தா என்றுதான் சொல்வார்கள். நானும் சிறு வயதில் ஒருமுறை அவரைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கதர், மொட்டைத் தலை, தோளில் துணிப்பை. வாலிபத்தில் வார்தா ஆசிரமத்துக்குப் போய் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவர். கைராட்டையும் திங்கட்கிழமை மௌனமும் அங்கிருந்து கொண்டுவந்தவை. உப்புக்காகவும் கள்ளுக்கடைக்காகவும் சிறை போனார். அடித்தவர்களைத் திரும்பிப் பார்த்துக் கைகூப்பினார் என்று ஊரில் சொல்வார்கள். திங்கட்கிழமைகளில் எதைச் சொல்ல வேண்டியிருந்தாலும் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். சுதந்திரம் வந்த பிறகு பதவி தேடி வந்தது. உள்ளே ஒரு குரல் வேண்டாம் என்கிறது என்று சொல்லிவிட்டார். மாநில எல்லை எந்தப் பக்கம் என்று தமிழ்க் கூட்டமும் தெலுங்குக் கூட்டமும் கல்லெறிந்துகொண்ட நாட்களில், கடைவீதி நடுவில் பாயை விரித்து உண்ணாமல் உட்கார்ந்தார். குரல் உட்காரச் சொன்னது என்றார். கல் நின்றது. அதன்பிறகு அவரைவிட அவருக்குள் இருந்த குரலைத்தான் மக்கள் அதிகமாகக் கும்பிட்டார்கள்.

ஊர் முகப்பில் அவருக்குச் சிலை வரப்போகிறது. அதே நாளில் ஒரு புத்தகமும் வர வேண்டும் என்பது பேரனின் ஆசை.

"ஜெயிலு, ஊர்வலம்லாம் எல்லாருக்கும் தெரியும் சார். ஆன்மிகம்தான் முக்கியம். அந்தக் குரலு. அது தேவுடு குரலு. அது எப்போ பேசுச்சி, இன்னா சொல்லுச்சி, அத்தினியும் அந்த நோட்டுல இருக்கும். நீங்க எடுத்துக் கொடுங்க."

ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் போய் மதியம் திரும்புவது. நோட்டுகள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது பெரியம்மாவின் கட்டளை.

இரண்டாவது ஞாயிறு மகனுக்கு ஷிப்ட். பெரியம்மா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். எண்பதைத் தாண்டியவர். முதுகு வளையவில்லை. கண்கள் மட்டும் பால் விட்டாற்போல் இருந்தன.

"எனக்குக் கண்ணு ரெண்டும் பொகையாட்டம் கீது தம்பி. நீ படி, நானு கேட்டுக்கினு இருக்கேன். ஆனா ஒண்ணு. ஒவ்வொரு பக்கத்துக்கும் மொதல்ல எத்தினி வரின்னு சொல்லணும். அப்புறம் வரி முடியற எடத்துல நிறுத்தி நிறுத்திப் படிக்கணும்."

"எதுக்கு பெரிம்மா?"

"படிச்சிக் காட்றவங்கள நானு நம்பறதில்ல. நானே ஒரு காலத்துல படிச்சிக் காட்னவதான்."

பிறகு அவரே சொன்னார். சமையலறைப் பக்கம் ஒருமுறை காதைக் கொடுத்து, மருமகள் துணி காயப்போட மாடிக்குப் போயிருப்பதை உறுதி செய்துகொண்டு சொன்னார்.

அவருடைய தாய்க்கு எழுத்துத் தெரியாது. திங்கட்கிழமைகளில் தந்தை சிலேட்டில் எழுதுவதை வீட்டில் படித்துச் சொல்வது எட்டு வயது மகளின் வேலை. உப்பு தீர்ந்தது, யாரோ சாப்பிட வருகிறார்கள், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா. இப்படிச் சின்ன விஷயங்கள். ஒரு பிரசவம் தவறிப்போய், தாய் காய்ச்சலோடு உள்ளறையில் கிடந்தார். ஒன்பதாவது நாள் திங்கட்கிழமை. சித்தூரிலிருந்து தந்தையின் நண்பர் ஒருவர் காரில் வந்திருந்தார். திரும்பும்போது தாயைக் கூட்டிப்போய்ச் சித்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். புருஷன் உத்தரவு இல்லாமல் வீட்டைவிட்டு இறங்க மாட்டேன் என்று இருந்தவர் அந்த அம்மா. உள்ளேயிருந்து கேட்டார்: "போகட்டுமாங்க?"

கூடத்தில் ராட்டைக்கு முன்னால் இருந்த தந்தை சிலேட்டை எடுத்து ஒரே ஓர் எழுத்து எழுதினார். "போ." மகள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"வேணாம்னு எழுதியிருக்காருன்னு படிச்சேன்" என்றார் பெரியம்மா.

நான் திறந்திருந்த நோட்டை மூடினேன்.

"பக்கத்து ஊட்டுக்காரி அதுக்கு முந்தின மாசந்தான் அதே மாதிரி வண்டி ஏறிப் போனா. திரும்பி வரல. அவ பொண்ணு எங்கூட ஆடறவ. ராத்திரில எங்க ஊட்டுல எம்பக்கத்துலதான் படுத்துக்கும். தூக்கத்துல வாயை வாயைத் தெறக்கும், சத்தம் வராது. அதப் பாத்துக்கினு இருந்தேன் நானு. அதான்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அவரு சொன்னா சரின்னு சொல்லுச்சி. காரு பூடுச்சி. புதன்கிழமை அம்மாவும் பூடுச்சி."

அவர் விரல்களால் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"இதே ஊடுதான். கூடத்துக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல அப்போ கதவு இல்ல. துணிதான் தொங்கும். நானு சத்தமாதான் படிச்சேன். நைனா காதுல விழுந்துதா, இல்லியா? அதாம் எனக்குத் தெரியணும். இந்தப் புக்கு எம்மவனுக்கு. எனக்கு அந்த ஒரு நாளு போதும்."

"அவர் அப்புறம் நாற்பது வருஷம் இருந்தாரே. கேட்டிருக்கலாமே?"

"எப்டிக் கேக்கறது? கேட்டா நானு இன்னா படிச்சேன்னு சொல்லணுமே."

நேராக அந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். முதல் நோட்டிலிருந்து வரிசையாக வர வேண்டும், ஒரு நாளையும் தாண்டக் கூடாது. அவருக்குப் பயம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்போது நகரி ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போகும்போது எனக்கு வேறொன்று தோன்றியது. அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. ஆனால் மருமகளுக்கு இந்தக் கதை தெரியாது. அப்படியானால் முதல் நாள் அவள் ஏன் குழாயை மூடினாள்?

படிக்கத் தொடங்கினோம். அவருடைய டைரி எனக்குப் பிடித்துப்போனது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பதினொரு வரி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எழுந்த நேரம், பிரார்த்தனை, நூற்ற நூலின் நீளம், உண்டது, வந்தவர்கள், எழுதிய கடிதங்கள். பதினோராவது வரி எப்போதும் "பிழை:" என்று தொடங்கும். "பிழை: கோபம்." "பிழை: இரண்டாம் முறை மோர் கேட்டது." "பிழை: தூக்கம்." தனக்கென்று வைத்திருந்த நூல் அளவு முடியும்வரை ராட்டையை விட்டு எழுவதில்லை என்ற விரதமும் இருந்தது. அதை ஒருநாளும் மீறவில்லை. என்னைப் போன்ற ஒருவர், ஆனால் என்னைவிட மேலானவர் என்று நினைத்தேன். திருப்பதி திரும்பியதும் நானும் என் டைரியில் பிழை என்று ஒரு வரி சேர்க்கத் தொடங்கினேன்.

நான் "பதினொன்று" என்பேன். பெரியம்மா தலையசைப்பார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு விரல் மடிப்பார். பத்து விரலும் மடிந்து, பதினோராவதற்கு வலது கட்டைவிரல் மறுபடி நிமிரும். அதன் பிறகுதான் அடுத்த பக்கம்.

நான்காவது ஞாயிறு, நோட்டுகளுக்கு எண் ஒட்டுவதற்காகப் பின்னால் இருந்தவற்றைப் புரட்டினேன். படிக்கவில்லை, வரிசை சரியா என்று மட்டும் பார்த்தேன். இரண்டாவது நோட்டில் ஒரு பக்கம் பதினொரு வரியாக இல்லை, பன்னிரண்டாக இருந்தது. ஏழு பக்கங்கள் தள்ளி இன்னொன்று. திங்கட்கிழமைகள். பன்னிரண்டாவது வரியில் ஒரே எழுத்து, ஒரு புள்ளி.

"போ."

அடுத்த திங்கள், அதற்கடுத்த திங்கள், அதற்கடுத்த நோட்டு. கடைசி நோட்டில் அவர் கை நடுங்கியிருக்கிறது, மற்ற வரிகளைப் படிப்பதே சிரமம். அந்த ஒரு எழுத்து மட்டும் நடுங்கவில்லை. எட்டாம் வரியைப் பார்த்தேன். எல்லாத் திங்கட்கிழமைகளிலும் அது ஒன்றுதான்: "குரல். அதே கேள்வி." கல்லெறி நடந்த வாரத்தின் திங்கட்கிழமையைத் தேடி எடுத்தேன். அங்கே மட்டும் சற்று நீளமாக இருந்தது: "கூட்டத்தாரிடம் குரலின் கட்டளை என்று கூறினேன். பொய். குரல் எனக்குக் கட்டளை இட்டதே இல்லை. அதே கேள்விதான்." அதன் கீழே, "போ."

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். நகரி மலையின் மூக்குப் பாறை தெளிவாகத் தெரிந்தது. நோட்டுகளைப் பழைய வரிசையில் அடுக்கினேன்.

"இன்னா, பேச்சக் காணோம்?" என்றார் பெரியம்மா.

"எண் ஒட்டறேன் பெரிம்மா."

அது பொய் இல்லை. ஆனாலும் அன்று இரவு "பிழை" வரியில் அதை எழுதினேன். செவ்வாய்க்கிழமை மாலை டைரியைத் திறந்தபோது முந்தின நாள் பக்கம் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை. ஆஸ்பத்திரியில் நடந்தவை, மின் கட்டணம் கட்டியது, மனைவிக்குப் பல் வலி. எல்லாம் நான் எழுதியவை. பக்கத்தின் அடியில், "பிழை" வரிக்கும் கீழே, "போ" என்று இருந்தது. என் கையெழுத்துதான். என் பேனாதான். எழுதிய நினைவு இல்லை. ஞாயிறு காலை முழுவதும் நாற்பது நோட்டுகளில் அதைப் பார்த்தவனின் கை தானாக எழுதியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமான விளக்கம்தான். முப்பது வருடத்தில் என் டைரியில் என் நினைவில் இல்லாத சொல் அது ஒன்று மட்டுமே என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஏழாவது ஞாயிறு அந்தப் பக்கத்துக்கு வந்தோம். எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. காய்ச்சலின் நாட்களை அவர் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். எட்டாவது நாள் முடிந்ததும் கால்களைக் கீழே தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மருமகள் காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றாள். பெரியம்மா அவளைப் போகச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"எத்தினி வரி?"

"பதினொன்று."

நான் படித்தேன். எழுந்த நேரம். பிரார்த்தனை. மௌனம். நூலின் நீளம். சித்தூர் நண்பர் காரில் வந்தார். அவள் போகட்டுமா என்று கேட்டாள். போ என்று எழுதிக் குழந்தையிடம் கொடுத்தேன்.

அடுத்த இரண்டு வரிகளை என் கண்கள் படித்தன. வாய் படிக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர்கள் எழுதியதில் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றாதவன் நான். அந்த இரண்டு வரிகளையும் தாண்டி, அதற்கடுத்த வரிக்குப் போனேன். "கார் போயிற்று." பிறகு கடைசி வரி: "பிழை:"

அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒன்றும் எழுதப்படவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களில் அங்கே ஏதாவது ஒன்று இருந்தது. இந்தப் பக்கத்தில் மட்டும் வெறும் காகிதம்.

பெரியம்மாவின் ஒரு விரல் மடியாமல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார், தெளிவாகத் தெரியாது என்றாலும்.

"பதினொண்ணு சொன்ன. ஒம்போதுதான் வந்துது."

நான் விட்ட வரிகளில் விரலை வைத்தேன்.

"நானு எட்டு வயசுக் கொயந்த, பண்ணேன். ஒனக்கு இன்னா வயசாவுது?"

"அம்பத்திமூணு."

"படி."

படித்தேன். "குழந்தை வேண்டாம் என்று மாற்றிப் படித்தாள். என் காதில் விழுந்தது." நிறுத்தினேன். விரல் மடிந்தது. "எழுந்து போய்த் திருத்தியிருக்கலாம். நூல் முடியவில்லை."

காபி ஆறிக்கொண்டிருந்தது. மாடியில் எங்கோ ஒரு வாளி உருண்டது. பெரியம்மா அழவில்லை. அந்த வார்த்தையை முதன்முதலாகக் கேட்பவர் போல, "நூலு முடியல" என்றார். இன்னொருமுறை, "நூலு முடியல." பிறகு, "நாப்பது வருஷம் எதிருக்கு எதிரு ஒக்காந்து துன்னோம் தம்பி. எம்மூஞ்சியப் பாத்துக்கினேதான் துன்னாரு. நானு தெரியாதுன்னு நெனச்சிக்கினு துன்னேன்."

அடுத்த நாட்களைப் படிக்கச் சொன்னார். செவ்வாய். புதன், அதில் இறப்பு ஒரே வரி. தகனம். அப்படியே அடுத்த திங்கட்கிழமைக்கு வந்தோம்.

"எத்தினி?"

"பன்னிரண்டு."

அவர் தலை என் பக்கம் திரும்பியது. நான் ஒரு வரியும் விடாமல் படித்தேன். எட்டாவது வரி: "ராட்டையில் இருக்கும்போது உள்ளறையிலிருந்து குரல். போகட்டுமாங்க என்றது." பன்னிரண்டாவது வரி: "போ." பிறகு, எல்லாத் திங்கட்கிழமைகளிலும் அது இருப்பதைச் சொன்னேன். கடைசி நோட்டுவரை இருப்பதைச் சொன்னேன். கல்லெறி வாரத்தில் எழுதியதையும் சொன்னேன்.

வாசற்படியில் நின்ற மருமகள் டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"அத்தே," என்றாள், "நானு கல்யாணமாயி வந்த புதுசுல, திங்கக்கெழமை காலைல சமையல் ரூம்ல இருப்பேன். போகட்டுமான்னு கேக்கும். நீங்கதான் கேக்கறீங்கன்னு, எங்க போவணும் அத்தேன்னு ஓடியாருவேன். நீங்க மௌனத்துல ஒக்காந்துக்கினு இருப்பீங்க. ரெண்டு மூணு தடவ ஆச்சி. அப்புறம் நானு ரேடியோவ சத்தமா வெச்சிக்குவேன். இப்போ மிக்சி. திங்கக்கெழமைன்னா சட்னி அரைக்கறதே அதுக்குத்தான்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பைத்தியம்னு எங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிச்சிருவீங்க."

"அனுப்பிச்சிருப்பேன்தான்" என்றார் பெரியம்மா. அவரும் தந்தை இறந்த பிறகு திங்கட்கிழமை மௌனத்தை எடுத்துக்கொண்டவர் என்று அப்போதுதான் அறிந்தேன். இருள் பிரியும் முன்பிருந்து விளக்கு வைக்கும்வரை பேச்சும் இல்லை, உணவும் இல்லை. அவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. தன் குற்றம்தான் தன் காதில் பேசுகிறது என்று நினைத்திருந்தார். மருமகளுக்கும் கேட்கும் என்று தெரியாது. தந்தைக்குக் கேட்டது என்றும் தெரியாது. ஒரே வீட்டில் மூன்று பேர் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் காதில் வாங்கியிருக்கிறார்கள்.

"நைனா எழுதி எழுதி வெச்சிருக்காரு" என்றார் பெரியம்மா. கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். அடியில் இருந்த அந்த எழுத்தைத் தடவிப் பார்ப்பதுபோல் விரலைத் தாளில் ஓட்டினார். "எழுதி வெச்சா அம்மாவுக்கு இன்னா தெரியும்? அதுக்குத்தான் எழுத்தே தெரியாதே. யாரு படிச்சிக் காட்டுவாங்கன்னு எழுதினாரு?"

நோட்டை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"திங்கக்கெழமை நீ லீவு போட்டுக்கினு வா" என்றார் என்னிடம். "நாளைக்கு இல்ல. அடுத்த வாரம்."

"எதுக்கு பெரிம்மா?"

"ஒனக்கு எல்லாத்தையும் உள்ளபடி எழுதற பழக்கம் கீது. எங்கூட்ல ஒருத்தருக்கும் இல்ல. நைனாவுக்கு இருந்துது, அதுலயும் பிழை போடாம விட்டுட்டாரு."

அந்த வாரம் பெரியம்மாவின் மகன் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். மருமகள் சொல்லியிருக்கிறாள். ஆவணப் பிரிவின் வாசலில், ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்தவர்களின் நடுவில் நின்றுகொண்டு கெஞ்சினார்.

"சார், அத எழுதாதீங்க. தேவுடு குரலு கேட்டவருன்னு செலைக்குக் கீழ கல்லுலயே வெட்டியாச்சி. தெறந்து வைக்க எம்மெல்யே வராரு. இப்போ போயி அது தேவுடு இல்ல, எங்க ஆயா, அதுவும் உத்தரவு கேட்டுக்கினு நிக்கிதுன்னா எப்படி சார்?"

"அம்மாகிட்ட கேளுங்க."

"கேட்டேன். கல்லு கல்லா இருக்கட்டும், புக்குல சரியா எழுதச் சொல்லுடான்னு திட்டுது."

அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. கோபமே இல்லாமல்தான் பேசினார். கிளம்பும்போது, "எனக்கு மட்டும் ஏன் சார் ஒருநாளும் கேக்கல?" என்றார்.

திங்கட்கிழமை. வேலை நாளில் அந்த ரயிலில் நான் போனதில்லை. வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எதிர்த்திசையில் திருப்பதி நோக்கி நெரிந்துகொண்டு வந்தார்கள். என் பெட்டி காலி. 10.10-க்கு வீட்டில் இருந்தேன். பெரியம்மா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு, கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உள்ளறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த அறைக்கு இப்போது பிளைவுட் கதவு. அதைத் திறந்துவைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பீரோவும், அரிசி மூட்டை இரண்டும், சுவரில் சாய்த்த மடக்குக் கட்டிலும் தெரிந்தன. அவ்வளவுதான். என்னைக் கண்டதும் பெரியம்மா கையால் சுவரோரம் உட்காரச் சொன்னார். மௌனம்.

சமையலறையில் மருமகள் அரைக்கவில்லை. காய் நறுக்கும் சத்தம் மட்டும்.

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். 10.25. 10.30. தெருவில் ஒரு பால் வண்டி போனது. பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. 10.38-க்கு மின்சாரம் நின்றது. தறி நின்றது, தலைக்கு மேல் விசிறி சுழன்று சுழன்று நின்றது. இந்தப் பக்கத்தில் தினமும் நடக்கிற மின்வெட்டு. அதை வேறெதுவாகவும் எழுத மாட்டேன்.

நான் எதையும் கேட்டதாகவும் எழுத மாட்டேன். எனக்குக் கேட்கவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். 10.41-க்குக் காய் நறுக்கும் சத்தம் நின்றது. மருமகள் கையில் கத்தியோடு சமையலறை வாசலுக்கு வந்து, உள்ளறையைப் பார்த்தபடி நின்றாள். அதே கணத்தில் பெரியம்மாவின் முதுகு நாற்காலியிலிருந்து நிமிர்ந்தது. புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் தந்தை ஒரு திங்கட்கிழமையும் செய்யாததைச் செய்தார். பேசினார்.

"போம்மா."

அதிகாலையிலிருந்து பேசாத குரல், முதல் எழுத்து சரியாக வெளிவரவில்லை. மறுபடி சொன்னார்.

"போம்மா. நைனா போன்னுதான் எழுதனாரு. நானுதான் மாத்திப் படிச்சேன். காரு வந்துக்கினு இருக்குது. நீ போ."

மருமகளின் கையில் இருந்த கத்தியிலிருந்து ஒரு துளி நீர் தரையில் விழுந்தது. பெரியம்மா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதை உள்ளறைக்குக் கொடுத்தார். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வரை எண்ணியிருந்தேன்.

"நானா?" என்றார்.

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

பெரியம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு குழந்தையைச் சமாளிப்பவரின் சிரிப்பு. "எனக்கு இன்னும் கொஞ்ச நாளு ஆவும்மா" என்றார். "நீ முன்னாடி போ."

பிறகு அவர் தோள்கள் இறங்கின. 10.46. நாற்காலியின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, அறைக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

"பசிக்குதுடி," என்றார் மருமகளிடம், "துன்ன இன்னா கீது?"

"இன்னிக்கு திங்கக்கெழமை அத்தே."

"தெரியும். இன்னா கீதுன்னு கேட்டேன்."

மருமகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், காலையில் அவித்த இட்லி இரண்டைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். தொட்டுக்கொள்ள ஒன்றும் அரைக்கவில்லை என்றாள். பெரியம்மா அப்படியே பிட்டுத் தின்றார். தட்டை நீட்டி இன்னும் ஒன்று கேட்டார்.